தண்ணீர் இல்லாமல் ஓடும் மோட்டார்: வீட்டு போர்வெல் பம்பைக் காப்பது எப்படி

போர்வெல் உள்ள வீடுகளில் சுவரில் ஒரு தகரப் பெட்டி இருக்கும். பச்சை பட்டன், சிவப்பு பட்டன், ஒரு வோல்ட் மீட்டர், ஒரு ஆம்ப் மீட்டர், உள்ளே இரண்டு கெப்பாசிட்டர், ஒரு ஓவர்லோடு டிரிப். மோட்டாருக்கு ஏதாவது ஆனால் அந்த டிரிப் பார்த்துக்கொள்ளும் என்று வீட்டில் எல்லோரும் நிம்மதியாக இருப்பார்கள். மணல் ஏறி மோட்டார் இறுகினாலோ, வோல்டேஜ் ரொம்பக் குறைந்து மோட்டார் திணறினாலோ அது பார்த்துக்கொள்ளத்தான் செய்யும். ஆனால் கீழே தண்ணீர் தீர்ந்துபோய் மோட்டார் வெறுமனே சுற்றிக்கொண்டிருந்தால் அது அசையாது. ஓவர்லோடு டிரிப் காத்திருப்பது மின்னோட்டம் கூடுவதற்காக. தண்ணீர் இல்லாதபோது மோட்டாருக்குத் தூக்க வேண்டிய பாரம் இல்லை. மின்னோட்டம் குறைகிறது. டிரிப்பின் கணக்கில் அந்த நேரத்தில் மோட்டார் படு சுகமாக இருக்கிறது.

ஃபியூஸ், எம்சிபி, டிரிப் எதை எடுத்தாலும் இதே கதைதான். அளவு மீறிப் போவதை மட்டுமே அவை பார்க்கும். டிரை ரன் என்று மெக்கானிக்குகள் சொல்லும் இந்தக் கேடு, அளவு குறைவதால் தெரிவது. அதைக் கவனிக்கத் தனியாக ஒரு ஏற்பாடு வேண்டும். அது இல்லாமல் இறக்கப்பட்ட மோட்டார்கள் தமிழ்நாட்டில் ஏராளம். கோடையில், எரிந்த மோட்டாரின் காயிலைத் (உள்ளே சுற்றிய கம்பிச் சுருளை) திரும்பக் கட்டித் தரும் ரீவைண்டிங் கடை வாசலில் அடுக்கி வைத்திருக்கும் மோட்டார்களைப் பார்த்தாலே இது புரியும்.

சரி, தண்ணீர் ஏன் தீர்கிறது? "போர் வற்றிவிட்டது" என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம். பாதி நேரம் அது சரியான விளக்கம் இல்லை.

தமிழ்நாட்டு நிலத்தில் கிட்டத்தட்ட முக்கால் பங்கு கடினப் பாறை. கோயம்புத்தூர், சேலம், தருமபுரி, திருவண்ணாமலை பக்கமெல்லாம் சில பத்து அடி மண்ணும் சிதைந்த பாறையும் போனால், அதற்குக் கீழே முழுப் பாறைதான். அந்தப் பாறைக்குள் தண்ணீர் ஏரி மாதிரித் தேங்கி நிற்பதில்லை. வெடிப்புகளிலும் இடுக்குகளிலும் இருக்கிறது. ரிக் வண்டிக்காரர்கள் "நூத்தி எண்பதுல ஒரு கேப் விழுந்துச்சு, முந்நூறுல இன்னொண்ணு" என்று சொல்வது இந்த வெடிப்புகளைத்தான். போர்வெல் என்பது அந்த வெடிப்புகளைக் குறுக்கே துளைத்துப் போகும் ஒரு ஒல்லியான குழி. வெடிப்பில் இருந்து கசிந்து வருவது குழியில் சேர்ந்து நிற்கிறது. மோட்டார் எடுப்பது அந்தச் சேமிப்பை.

அந்தச் சேமிப்பு எவ்வளவு என்று கணக்குப் போட்டால் பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். வழக்கமான ஆறரை அங்குல போரில் ஓர் அடி உயரத் தண்ணீர் என்பது ஏறக்குறைய ஆறரை லிட்டர்தான். நாலரை அங்குல போராக இருந்தால் மூன்று லிட்டரைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவே. முந்நூறு அடி போர், மோட்டார் 260 அடியில் தொங்குகிறது, தண்ணீர் 160 அடியில் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். மோட்டாருக்கு மேல் நூறு அடி தண்ணீர். கேட்க நிறைய இருப்பதுபோல் தெரிகிறது. மொத்தமே 650 லிட்டர். நிமிடத்துக்கு 40 லிட்டர் தள்ளும் பம்பு அதைப் பதினாறு நிமிடத்தில் முடித்துவிடும். ஊற்று நிமிடத்துக்கு 10 லிட்டர் கொடுத்துக்கொண்டே இருந்தால் இருபத்தொரு நிமிடம் தாங்கும். அப்புறம் காற்றுதான்.

இப்போது இதே கணக்கைத் திருப்பிப் பாருங்கள். நிமிடத்துக்கு 10 லிட்டர் ஊறும் போர் ஒரு நாளைக்கு 14,400 லிட்டர் கொடுக்கக்கூடியது. பாதாளச் சாக்கடை வசதியுள்ள நகரங்களில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்பது மத்திய அரசின் குடிநீர்த் திட்ட அளவு. ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு 675 லிட்டர் போதும். நிமிடத்துக்கு 2 லிட்டர் மட்டும் ஊறுகிற, "செத்த போர்" என்று ஒதுக்கிய குழிகூட நாளைக்கு 2,880 லிட்டர் தரும். ஆக, பல வீடுகளில் போர் வற்றவில்லை. ஊறும் வேகத்துக்கும் பம்பு இழுக்கும் வேகத்துக்கும் பொருத்தம் இல்லை. பெரிய மோட்டார் போட்டால் நிறையத் தண்ணீர் வரும் என்ற எண்ணம் இந்த ஊர்களில் ஆழமாக வேர்விட்டிருக்கிறது. ஒரு எச்பி போதும் என்ற இடத்தில் ஒன்றரை இறக்குவார்கள். ஊறுவதற்கு மேல் ஒரு சொட்டும் கூடக் கிடைக்காது. சீக்கிரம் தீரும், மோட்டார் சீக்கிரம் எரியும்.

நிலத்தடி நீர் நிஜமாகவே இறங்கிவரும் இடங்களும் உண்டு. 2017-இல் செய்த மதிப்பீட்டில் தமிழ்நாட்டின் 1,166 குறுவட்டங்களில் (பிர்க்காக்களில்) 462 அளவுக்கு மீறி உறிஞ்சப்பட்டவை என்று கண்டார்கள். 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் நான்கும் ஏறக்குறைய வறண்டு, சென்னையே லாரித் தண்ணீரை நம்பி நின்றது. பல தெருக்களில் போர்களும் கைவிட்டன. அப்படிப்பட்ட ஆண்டுகளில் நேற்று வரை ஒரு மணி நேரம் ஓடிய மோட்டார் இன்று பத்து நிமிடத்தில் காற்று வாங்கும். வீட்டில் யாருக்கும் அது தெரியாது. வழக்கம்போல ஸ்விட்சைப் போட்டுவிட்டு வேலையைப் பார்க்கப் போவார்கள்.

கீழே என்ன நடக்கிறது என்பதில் ஒரு தவறான எண்ணம் உண்டு. தண்ணீர் இறங்கியதும் மோட்டார் அந்தரத்தில் காற்றில் தொங்கும் என்று பலர் நினைக்கிறார்கள். போருக்குள் இறக்கும் சப்மெர்சிபிள் செட்டில் மோட்டார் அடியில் இருக்கிறது, பம்பு அதற்கு மேலே. இரண்டுக்கும் நடுவில் சல்லடை போட்ட வாய் இருக்கிறது, தண்ணீர் நுழைவது அந்த வழியாக. பம்பு எவ்வளவு இழுத்தாலும் அந்த வாய்க்குக் கீழே தண்ணீரை இறக்க முடியாது. அதனால் டிரை ரன் ஆகும்போதும் மோட்டார் பெரும்பாலும் தண்ணீருக்குள்தான் நிற்கிறது. காய்வது மேலே உள்ள பம்பு.

பம்புக்குள், சுழன்று தண்ணீரைத் தள்ளும் சக்கரங்களான இம்பெல்லர்கள் அடுக்கடுக்காக இருக்கும். ஆழத்தைப் பொறுத்துப் பத்து, பதினைந்து, அதற்கு மேலும் அடுக்குகள் வரும். வீட்டு பம்புகளில் இவை பெரும்பாலும் பிளாஸ்டிக்கால் ஆனவை. நடுத் தண்டைத் தாங்கும் புஷ்களுக்கு எண்ணெய் கிடையாது, கிரீஸ் கிடையாது. ஓடும் தண்ணீரே அவற்றுக்கு வழுக்கு, அதுவே குளிர்ச்சி. நிமிடத்துக்கு 2,800-க்கும் மேற்பட்ட சுற்று சுழலும் தண்டு காய்ந்த புஷ்ஷில் உரசினால் சில நிமிடங்களில் சூடு ஏறும். பம்புக்குள் மிச்சமிருக்கும் கொஞ்சத் தண்ணீர் கொதிக்கும். பிளாஸ்டிக் இம்பெல்லர் நெளியும், ஓரம் தேயும், ஒட்டிக்கொள்ளவும் செய்யும். தேய்ந்த புஷ்ஷால் தண்டு ஆட ஆரம்பிக்கும். இந்தக் கட்டத்தில் மோட்டார் எரியவில்லை. அடுத்த நாள் தண்ணீர் ஊறியதும் பம்பு ஓடும், முன்னைவிடக் கொஞ்சம் குறைவாகத் தள்ளும். "பிரஷர் கம்மியாயிடுச்சே" என்று வீட்டில் பேசுவது இதற்கு அப்புறம்தான்.

மோட்டாரின் கதை மெதுவாக நடக்கிறது. வழக்கமாக, கீழே இருந்தோ பக்கத்தில் இருந்தோ வரும் ஊற்றுநீர் மோட்டாரின் உடம்பைத் தடவிக்கொண்டு மேலே பம்பு வாய்க்குப் போகும். அதுதான் மோட்டாரைக் குளிர்விக்கிறது. பம்பு தண்ணீர் எடுக்காதபோது அந்த ஓட்டம் நின்றுவிடும். மோட்டாரைச் சுற்றியிருக்கும் அதே தேங்கிய தண்ணீர் வெந்நீராகிறது. மோட்டாருக்குள் நிரப்பியிருக்கும் தண்ணீரும் சூடேறி விரிந்து, சீல் ஓரமாக வெளியேறப் பார்க்கும். ஆறியதும் அந்த இடத்தை நிரப்ப போர் தண்ணீர் மண்ணோடு உள்ளே வரும். காயில் கம்பியின் பிளாஸ்டிக் உறை சூட்டில் இளகும். அடியில் மொத்த எடையையும் தாங்கும் த்ரஸ்ட் பேரிங்கின் கார்பன் தட்டு தேயும். ஒருநாள் ஸ்விட்சைப் போட்டதும் எம்சிபி விழும். மெக்கானிக் வந்து, கம்பி உறை கெட்டிருக்கிறதா என்று சோதிக்கும் மெகர் மீட்டரை வைத்துப் பார்த்து, "சார், காயில் போயிடுச்சு, மோட்டாரைத் தூக்கணும்" என்பார். அந்த நாளில் கெட்டதாக நினைக்கிறோம். உண்மையில் அது பல வாரங்களாக, பல டிரை ரன்களில் கொஞ்சம் கொஞ்சமாகக் கெட்டுவந்தது.

இங்கே இன்னொரு விஷயத்தையும் சொல்ல வேண்டும். ஊற்று மோட்டாருக்கு மேலே இருந்து வந்தால், தண்ணீர் மேலிருந்து விழுந்து நேராகப் பம்பு வாய்க்குள் போய்விடும். மோட்டாரைத் தொடுவதே இல்லை. பம்பு நன்றாகத் தண்ணீர் தள்ளிக்கொண்டிருக்கும்போதே மோட்டார் சூடாகும் விசித்திரம் இதனால் வருவது. ஆறரை அங்குல போரில் நாலு அங்குல செட்டை இறக்கும்போது சுற்றிலும் இடைவெளி அதிகம் என்பதால் நீரோட்டத்தின் வேகமும் குறைவு. இதற்கு மோட்டாரையும் பம்பு வாயையும் மூடும்படி ஒரு பைப் உறையை மாட்டுவது உண்டு. மேல் பக்கம் மூடியிருக்கும், அடியில் மட்டும் திறந்திருக்கும். தண்ணீர் அடிவரை இறங்கி, உறைக்குள் நுழைந்து, மோட்டாரைத் தடவிக்கொண்டுதான் பம்புக்குப் போக முடியும். செலவு குறைந்த வேலை. மோட்டாரைத் தூக்கும் நாளில் கேட்டுச் செய்துகொள்ளலாம்.

இந்தச் சேதங்களுக்குப் பெரும்பாலான உத்தரவாத அட்டைகள் பொறுப்பேற்பதில்லை. தண்ணீர் இல்லாமல் ஓட்டியதால் வந்த கேடு என்று தெரிந்தால் செலவு முழுக்க நம்முடையது. காயில் கட்டும் செலவோடு, முந்நூறு அடி ஹோஸையோ பைப்பையோ தூக்கி இறக்கும் கூலியும் சேரும்.

காற்று வாங்கும் மோட்டாரை வீட்டில் இருப்பவர்களே கண்டுபிடிக்கலாம். மேல்தொட்டியில் விழும் பைப்பில் தண்ணீர் ஒரே சீராக வராமல் விட்டு விட்டு, காற்றோடு துப்பியபடி வரும். தண்ணீர் பால் மாதிரி வெளுத்து, கொஞ்ச நேரத்தில் குமிழ் அடங்கித் தெளியும். சில போர்களில் கலங்கல் வரும். பெட்டியில் ஆம்ப் மீட்டர் முள் வழக்கமான இடத்தில் நிற்காமல் கீழே இறங்கி ஆட ஆரம்பிக்கும். வழக்கமாக 7-இல் நிற்கும் முள் 5-க்குப் பக்கத்தில் நடுங்கிக்கொண்டிருந்தால் கீழே தண்ணீர் தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். அந்த மீட்டரை யாரும் பார்ப்பதில்லை என்பதுதான் வருத்தம். அந்தப் பெட்டியில் இருப்பவற்றில் மிகவும் பயனுள்ளது அதுதான்.

மேல்தொட்டிக்கு ஆட்டோமேட்டிக் கன்ட்ரோலர் வைத்திருக்கும் வீடுகளில் ஆபத்து கூடுகிறது. தொட்டியில் தண்ணீர் குறைந்தால் மோட்டார் தானாகப் போடும், நிறைந்தால் தானாக அணைக்கும் கருவி அது. தொட்டி நிறைந்ததா என்ற ஒரே கேள்விதான் அதற்குத் தெரியும். போரில் தண்ணீர் இல்லை என்றால் தொட்டி நிறையாது. நிறையாதவரை மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும். கையால் ஸ்விட்ச் போட்ட காலத்தில் யாராவது, "என்னப்பா, இவ்வளவு நேரமாகியும் டேங்க் ரொம்பலையே" என்று அணைத்திருப்பார்கள். இப்போது வீட்டுக்காரர்கள் வெளியூர் போயிருக்கும்போதும் மோட்டார் தன்பாட்டுக்கு இரவெல்லாம் சுற்றும். தொட்டிக் கன்ட்ரோலர் வாங்கும்போது டிரை ரன் பாதுகாப்பும் சேர்ந்ததா என்று கட்டாயம் கேட்டு வாங்க வேண்டும். சேராததை வாங்குவதைவிடக் கையால் போட்டு அணைப்பதே மேல் என்று நான் உறுதியாகச் சொல்வேன். கரண்ட் வந்ததும் தானாக மோட்டாரைப் போட்டுவிடும் ஆட்டோ ஸ்விட்சுக்கும் இதே எச்சரிக்கைதான்.

பாதுகாப்புக் கருவிகளில் இங்கே அதிகம் புழங்குவது ஆம்ப்பைப் பார்க்கும் வகை. பெட்டிக்குள் மோட்டாருக்குப் போகும் ஒரு கம்பி ஒரு சிறு வளையத்துக்குள் நுழைந்து போகும். மின்னோட்டம் நாம் வைத்த அளவுக்குக் கீழே இறங்கிச் சில விநாடிகள் அப்படியே இருந்தால் கருவி மோட்டாரை நிறுத்தும். கிணற்றுக்குள் எதையும் இறக்க வேண்டியதில்லை, இருக்கும் பெட்டியிலேயே ஒரு எலக்ட்ரீஷியன் பொருத்திவிடலாம். பெரும்பாலும் மோட்டாரைத் தூக்கி இறக்கும் கூலிக்குள்ளேயே விலை அடங்கிவிடும்.

ஆனால் அதை வாங்கி மாட்டுவதோடு வேலை முடிவதில்லை. அளவு வைப்பதில்தான் எல்லாம் இருக்கிறது. போரில் தண்ணீர் நிறைய இருக்கும் காலைப் பொழுதில், வோல்டேஜ் 230-க்குப் பக்கத்தில் இருக்கும்போது மோட்டாரை ஓட்டி, தண்ணீர் சீராக வரும்போது எத்தனை ஆம்ப் என்று குறித்துக்கொள்ள வேண்டும். அப்புறம் அதே மோட்டார் காற்று வாங்கும்போது எத்தனை என்று பார்க்க வேண்டும். இதற்காக வேண்டுமென்றே நெடுநேரம் காயவிட வேண்டாம். முள் இறங்கியதும் குறித்துக்கொண்டு அணைத்துவிடலாம். இரண்டுக்கும் நடுவில் அளவை வைக்க வேண்டும். 7-உம் 5-உம் என்றால் 6. மாட்டுகிறவர் கடையில் வைத்த அளவையே விட்டுவிட்டுப் போனால், ஒன்று நல்ல தண்ணீர் வரும்போதே நிற்கும், அல்லது காய்ந்தாலும் நிற்காது. முதலாவது நடந்தால் வீட்டுக்காரர் எரிச்சலில் கருவியைக் கழற்றிவிடுவார். இப்படிக் கழற்றி எறியப்பட்டவை நிறைய.

ஆம்ப்பை மட்டும் பார்ப்பதில் ஒரு பலவீனமும் உண்டு. சிங்கிள் பேஸ் மோட்டார் சும்மா சுற்றுவதற்கே கணிசமான மின்னோட்டம் எடுக்கும், காந்தப்புலத்தை உண்டாக்க அது தேவை. சில மோட்டார்களில் தண்ணீரோடு ஓடும்போதும் தண்ணீர் இல்லாமல் ஓடும்போதும் ஆம்ப்பில் வித்தியாசம் மிகக் குறைவாகவே இருக்கும். வோல்டேஜ் இதை இன்னும் குழப்பும். பின்னிரவில் வோல்டேஜ் 250-ஐத் தொடும்போது, காய்ந்து ஓடும் மோட்டாரின் ஆம்ப் கூடிவிடும். அளவுக்குக் கீழே இறங்காது, கருவி ஏமாந்துவிடும். மாலையில் வோல்டேஜ் இறங்கினால் பாரத்தோடு ஓடும் மோட்டாரின் ஆம்ப் வேறு மாதிரி மாறும். மோட்டார் உண்மையில் எவ்வளவு வேலை செய்கிறது என்பதைச் சொல்வது வாட்ஸ் கணக்கு. தண்ணீர் தூக்கும் வேலை போனால் வாட்ஸ் தெளிவாகச் சரியும், பவர் ஃபேக்டரும் (இழுக்கும் மின்சாரத்தில் எவ்வளவு பங்கு உண்மையான வேலைக்குப் போகிறது என்ற விகிதம்) அதோடு சரியும். வாட்ஸையோ பவர் ஃபேக்டரையோ பார்க்கும் கருவிகள் விலை கொஞ்சம் கூடுதல். வோல்டேஜ் ஏறி இறங்கும் ஊரில் இருப்பவர்களுக்கு அந்தக் கூடுதல் காசு வீண் போகாது.

தண்ணீர் மட்டத்தையே நேராகப் பார்க்கும் வகையும் இருக்கிறது. மோட்டாரோடு சேர்த்து இரண்டு மூன்று கம்பிகளை இறக்கி, நுனியில் எவர்சில்வர் எலக்ட்ரோடு மாட்டுவார்கள். ஒன்று பம்புக்குச் சற்று மேலே, இன்னொன்று அதற்குப் பல அடி மேலே. தண்ணீர் கீழ்க் கம்பியை விட்டு இறங்கியதும் மோட்டார் நிற்கும், மேல்க் கம்பியைத் தொட்டால்தான் மறுபடி ஓடும். பம்பு காய்வதற்கு முன்பே நிறுத்திவிடுவதால் கொள்கையளவில் இதுதான் சிறந்தது. கைக்கு வரும்போது தொல்லைகள் உண்டு. உப்புத் தண்ணீர் உள்ள இடங்களில் எலக்ட்ரோடு மேல் வெள்ளையாகச் சுண்ணாம்பு படியும், இரும்புச் சத்து உள்ள போரில் செம்பழுப்பு வழும்பு படியும். மேலே உள்ள வெடிப்பில் இருந்து தண்ணீர் சுவரில் வழிந்துகொண்டே இருந்தால் கம்பி எப்போதும் நனைந்தே இருக்கும், தண்ணீர் இருப்பதாகவே கருவி நம்பும். மோட்டாரைத் தூக்கி இறக்கும்போது கம்பி அறுபடுவதும் சகஜம். திறந்த கிணற்றுக்கு இது அருமையாகப் பொருந்தும், இருநூறு முந்நூறு அடி போருக்கு நான் சிபாரிசு செய்யமாட்டேன்.

தண்ணீர் மேலே வரும் டெலிவரி பைப்பில் ஓட்டம் இருக்கிறதா என்று பார்க்கும் ஃப்ளோ ஸ்விட்சும் கிடைக்கும். உப்புப் படிந்து அதன் துடுப்பு ஒட்டிக்கொள்ளும் ஊர்களில் நம்ப முடியாது.

கருவி எதுவானாலும் கவனிக்க வேண்டிய இன்னொரு திருகு அதில் இருக்கும்: நிறுத்திய பிறகு எவ்வளவு நேரம் கழித்து மறுபடி ஓட்டுவது என்பது. பல கருவிகளில் அரை மணி நேரம் வைத்திருப்பார்கள். மேலே சொன்ன போரையே எடுத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு 10 லிட்டர் ஊறினால், காலியான 650 லிட்டரும் திரும்பச் சேர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். மட்டம் ஏற ஏற ஊறும் வேகமும் குறையும் என்பதால் இன்னும் கூடுதலாகவே ஆகும். அரை மணியில் எழுப்பினால் 300 லிட்டர் இருக்கும், பத்து நிமிடம் ஓடும், மறுபடி நிற்கும். ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் மோட்டார் ஓடும் ஆம்ப்பைவிட ஐந்தாறு மடங்கு இழுக்கிறது. அடிக்கடி கிளம்பி நிற்பதும் ஒரு வகைச் சூடுதான், ஸ்டார்ட் கெப்பாசிட்டரும் அதில் சீக்கிரம் போகும். மெதுவாக ஊறும் போருக்கு இரண்டு மணி, மூன்று மணி என்று வைப்பது நல்லது. வீட்டுக்குத் தேவையான தண்ணீர் அதிலேயே சேர்ந்துவிடும்.

அந்த நேரத்தை ஊகமாக வைக்க வேண்டியதில்லை. ஒரு இருபது லிட்டர் வாளியும் கைபேசியில் உள்ள கடிகாரமும் போதும். இரவு முழுக்க ஓய்ந்த போரில் காலையில் மோட்டாரைப் போட்டு, வாளி நிறைய எத்தனை விநாடி என்று பாருங்கள். முப்பது விநாடி என்றால் நிமிடத்துக்கு 40 லிட்டர். காற்று வாங்க ஆரம்பிக்கும்வரை எத்தனை நிமிடம் ஓடியது என்று குறித்துக்கொண்டு அணைத்துவிடுங்கள். ஒரு மணி நேரம் கழித்து மறுபடி போட்டு எத்தனை நிமிடம் ஓடுகிறது என்று பாருங்கள். இரண்டாவது முறை பதினைந்து நிமிடம் ஓடினால் 600 லிட்டர். அந்த ஒரு மணி ஓய்விலும் ஓடிய கால் மணியிலும் சேர்ந்து ஊறியது அது, அதாவது நிமிடத்துக்குச் சுமார் 8 லிட்டர். உங்கள் போரைப் பற்றி இதைவிடப் பயனுள்ள எண் வேறு கிடையாது. இதை ஏப்ரல், மே மாதத்தில் ஒரு முறை, வடகிழக்குப் பருவமழை முடிந்த பிறகு ஜனவரியில் ஒரு முறை செய்து, இரண்டையும் பெட்டியின் உள்கதவில் எழுதி ஒட்டிவைக்கலாம். அடுத்து வரும் மெக்கானிக்குக்கும் அது உதவும். கருவியின் ஓய்வு நேரத்தைக் கோடை எண்ணை வைத்தே முடிவு செய்யுங்கள்.

இந்த எண் கையில் இருந்தால் பம்பையும் சரியாகத் தேர்ந்தெடுக்கலாம். அதே ஒரு எச்பியில் அடுக்குகள் அதிகமாகி, உயரம் அதிகமாகத் தூக்கி, தண்ணீரைக் குறைவாகத் தள்ளும் பம்புகள் கிடைக்கின்றன. கடைக்காரர், "இதுல தண்ணி கம்மியா வரும் சார்" என்பார். மெதுவாக ஊறும் போருக்கு நமக்கு வேண்டியது அதுதான். ஏற்கெனவே பெரிய பம்பு உள்ளே இருந்தால், அடுத்த முறை தூக்கும்வரை டெலிவரி பைப்பில் ஒரு கேட் வால்வைப் போட்டு ஓரளவு மூடி ஓட்டலாம். தண்ணீர் குறைவாக வரும், போர் நெடுநேரம் தாங்கும், மோட்டாருக்கும் பாரம் குறையும். முக்கால்வாசிக்கு மேல் மூடிவிடக் கூடாது. மோட்டாரைக் குளிர்விக்கும் நீரோட்டமும் அதோடு குறைந்துவிடும் என்பதை மறக்க வேண்டாம். வால்வை மூடிய அளவை மாற்றினால் ஆம்ப்பும் மாறும், டிரை ரன் அளவையும் திரும்ப வைக்க வேண்டும்.

போருக்குள் காற்றை அனுப்பித் தண்ணீரை மேலே தள்ளும் கம்ப்ரசர் வைத்திருக்கும் வீடுகளுக்கு இந்தக் கவலை கிடையாது. அங்கே மோட்டார் தரைமேல் இருக்கிறது, கீழே போவது காற்றுக் குழாயும் தண்ணீர் ஏறும் குழாயும் மட்டும். தண்ணீர் தீர்ந்தால் வெறும் காற்று வரும், எதுவும் எரியாது. கொங்குப் பகுதியில் நிலையில்லாத போர்களுக்கு இதை விரும்புவதற்கு அதுதான் காரணம். ஆனால் அதே தண்ணீருக்கு மின்செலவு கூடுதல். திறந்த கிணற்றில் மேலே நிற்கும் மோனோபிளாக் மோட்டாரில் (மோட்டாரும் பம்பும் ஒன்றாக இணைந்தது), பைப்பின் அடியில் தண்ணீர் திரும்பி இறங்காமல் தடுக்கும் ஃபுட் வால்வு கசிந்து பைப்பில் தண்ணீர் இறங்கிவிட்டாலும் டிரை ரன் ஆகும், அங்கே முதலில் போவது, தண்டு ஓரமாகத் தண்ணீர் கசியாமல் தடுக்கும் மெக்கானிக்கல் சீல். தரையடித் தொட்டியான சம்ப்பில் இருந்து மேல்தொட்டிக்கு ஏற்றும் மோட்டாருக்கு ஒரு ஃப்ளோட் ஸ்விட்ச் போதும். அடுக்குமாடிக் குடியிருப்புகளில் லாரித் தண்ணீர் வருவதற்குள் சம்ப்பு காலியாகி, மோட்டாரைப் போட்டுவிட்டு வாட்ச்மேன் வேறு வேலையில் இருக்கும் நேரம்தான் அதற்குக் கண்டம்.

டிரை ரன் கருவி முன்பு வாரத்துக்கு ஒரு முறை நிறுத்தியது, இப்போது தினமும் நிறுத்துகிறது என்றால் கருவியைக் குறை சொல்லிக் கழற்றுவதற்கு முன் மறுபடி வாளிக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஊறும் வேகம் மாறாமல் மட்டம் மட்டும் இறங்கியிருந்தால், அடியில் இடம் இருக்கும்பட்சத்தில் மோட்டாரை இன்னும் இருபது முப்பது அடி இறக்கலாம். அடி மண்ணில் புதையாமல் பத்து இருபது அடி விட்டே நிறுத்த வேண்டும். ஊறும் வேகமே குறைந்திருந்தால் இறக்கிப் பெரிய பயன் இல்லை. போரை இன்னும் ஆழப்படுத்த நிறையப் பணம் கொட்டுவதற்கு முன் மொட்டைமாடித் தண்ணீர் எங்கே போகிறது என்று பாருங்கள். தமிழ்நாட்டில் 2003-இல் மழைநீர் சேகரிப்பு எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கப்பட்டது. அப்போது வைத்த குழிகளில் பல இன்று மண் மூடியும் பைப் உடைந்தும் கிடக்கின்றன. அதைத் தூர்வாரி, ஜல்லியும் மணலும் புதிதாகப் போட்டு, மழைக்கு முன் சரிசெய்வதற்கு ஆகும் செலவு மோட்டாருக்கு ஒரு முறை காயில் கட்டும் செலவைத் தாண்டாது. மாடித் தண்ணீரை வடிகட்டாமல் நேராகப் போருக்குள் விட்டுவிட மட்டும் வேண்டாம். மாடியில் இருந்து வரும் மண்ணும் சருகும் வெடிப்புகளை அடைத்துவிட்டால், நிமிடத்துக்கு 8 லிட்டர் ஊறிய போர் மூன்றுக்கு இறங்கும்.